சுவாட் பிளஸ்: கொத்மலை ஓயாவில் உழைக்கும், பனியாற்றில் திணறும்

காசு கேட்காத மென்பொருள் நேரத்தைக் கேட்கும். சுவாட் பிளஸ் நிறையவே கேட்கும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் வளர்த்தெடுத்த இந்த நீரியல் மாதிரியை யாரும் இறக்கிக்கொள்ளலாம். உரிமக் கட்டணம் கிடையாது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நில உயரம், மண், நிலப்பயன்பாடு, மழை, வெப்பநிலை, பசளை போட்ட திகதி எல்லாவற்றையும் கொடுத்தால், ஆற்றின் ஒவ்வொரு துண்டிலும் நாளுக்கு நாள் எவ்வளவு தண்ணீர், எத்தனை தொன் மண், எத்தனை கிலோ நைத்திரேற்றும் பொசுபரசும் போகின்றன என்று எழுதித் தரும்.

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன், வெலிமடைப் பக்கத்து நீரேந்துப் பகுதிகளில் (ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் சேரும் நிலங்களில்) இதை ஓட்ட நினைப்பவர்களுக்காகவே இந்த மதிப்பீடு. பனியாறு (மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) இதற்குள் ஏன் வருகிறது என்றால், மலைநாட்டில் இந்த மாதிரியை ஓட்டுவது எப்படி என்று தேடினால் முதலில் கையில் கிடைப்பவை பெரும்பாலும் இமயமலை ஆய்வுகள். அவற்றின் அளவுருப் பட்டியலை (மாதிரிக்குள் நாம் மாற்றி வைக்கும் எண்களின் பட்டியலை) அப்படியே தூக்கிவந்து கொத்மலை ஓயாவுக்குப் போட்டுவிடும் பழக்கம் ஒன்று உண்டு. பனி எந்த வெப்பநிலையில் விழும், எதில் உருகும், நாளுக்கு எத்தனை மில்லிமீற்றர் உருகும் என்ற அளவுருக்களையும் சேர்த்தே அந்த ஆய்வுகளில் அளவுதிருத்தம் செய்திருப்பார்கள், அதாவது அளந்த நீரோட்டத்தோடு பொருந்தும் வரை எண்களை மாற்றிப் பார்த்திருப்பார்கள். பிதுருதலாகலை உச்சி 2,524 மீற்றர். தை, மாசியில் நுவரெலியாவில் தேயிலைத் தளிரும் உருளைக்கிழங்குச் செடியும் கருகும் அளவுக்கு உறைபனி பிடிக்கும். ஆனாலும் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் பனிப்படிவு இந்த நாட்டில் ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. விழுவது பனியா மழையா என்பதை மாதிரி நாளின் சராசரி வெப்பநிலையைப் பார்த்தே முடிவெடுக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியோ 16 பாகை அளவில் நிற்கிறது. பனிக்கான ஏழு அளவுருக்களையும் ஆயிரம் தடவை மாற்றி ஓட்டினாலும் நீரோட்டக் கோடு அசையாது. கணினி சூடாவதுதான் மிச்சம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே ஆற்றை நடத்துவது மழையும் மண்ணும். பனியாற்றுப் படுகையில் வெயில். சுவாட் பிளஸ் முதல் வகைக்குக் கட்டப்பட்டது. அதன் இயல்பு மதிப்புகளைத் திருத்தினால் மலையகத்தில் நன்றாக உழைக்கும். பனியாற்றில் தனியே விட்டால் திணறும். வெளியிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

நிறுவும்போது

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், அதற்குள் உட்காரும் கியூசுவாட் பிளஸ், தனியே திறக்கும் சுவாட் பிளஸ் எடிட்டர் என மூன்று துண்டுகள். கியூஜிஐஎஸ்ஸின் ஆகப் புதிய பதிப்பைப் போடாதீர்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்பில், கியூசுவாட் எதனோடு பொருந்தும் என்று சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். விண்டோஸில் நீரேந்து எல்லை பிரிக்கும் டவ்டெம் வேலை செய்ய மைக்ரோசொஃப்ட் எம்பிஐ என்ற துணை மென்பொருளும் தேவை. அது இல்லாவிட்டால் முதல் பொத்தானிலேயே சிவப்பு எழுத்து வரும். கோப்புறைப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம்.

அடுத்தது ஆள்கூறு. இலங்கையில் இரண்டு ஆள்கூற்றுக் கட்டங்கள் புழக்கத்தில் உண்டு: பழைய கண்டவல, இபிஎஸ்ஜி (ஆள்கூற்று முறைகளின் உலகப் பட்டியல்) எண் 5234; புதிய எஸ்எல்டி99, எண் 5235. கண்டவலவின் தொடக்கப்புள்ளிக்கு 200,000 மீற்றரும் எஸ்எல்டி99க்கு 500,000 மீற்றரும் கொடுத்திருக்கிறார்கள். மண் வரைபடம் ஒன்றிலும் நிலப்பயன்பாடு மற்றதிலுமாக இருந்து பெயரை மாற்றிப் போட்டுவிட்டால், நானுஓயாத் தேயிலை மலை 300 கிலோமீற்றர் மேற்கிலும் 300 கிலோமீற்றர் தெற்கிலும் இந்து சமுத்திரத்தில் மிதக்கும். அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும், தப்பிவிடலாம். எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே கட்டத்துக்கு, அல்லது உலகப் பொதுக் கட்டமான யூடிஎம் 44 வடக்குக்கு மாற்றிக்கொண்டால் தலையிடி இல்லை.

உயரத் தரவுக்கு ஐரோப்பியத் திட்டமான கொப்பர்னிக்கஸின் 30 மீற்றர் தரவு போதும். நாசாவின் விண்ணோட ராடார் தரவான எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில் எடுத்தது. தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைக் குளம் அதில் இராது. ஓடை தொடங்கும் எல்லையை எத்தனை கட்டங்கள் என்று மென்பொருள் கேட்கும். 30 மீற்றர் தரவில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,111 கட்டங்கள். மலையகப் பள்ளத்தாக்குகளுக்கு அரை முதல் ஒரு சதுர கிலோமீற்றர் வரை வைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு வரும் வடிகட்டலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிலப்பயன்பாடு, மண், சரிவு மூன்றும் சேர்ந்த துண்டுகளை மென்பொருள் ஆயிரக்கணக்கில் உண்டாக்கும். எண்ணிக்கையைக் குறைக்க, பரப்பில் 5 அல்லது 10 வீதத்துக்குக் கீழ்ப்பட்டவற்றைத் தூக்கிவிடச் சொல்வோம். நானு ஓயாப் பள்ளத்தாக்கில் அப்படிச் செய்தால் முதலில் காணாமல் போவது மரக்கறித் தோட்டங்கள். பரப்பில் சிறியவை, பசளையில் பெரியவை. நீரின் தரத்தைப் பார்க்க வந்துவிட்டு அதன் முக்கியக் காரணத்தையே வடிகட்டி எறிந்த கதையாகிவிடும். குறிப்பிட்ட நிலப்பயன்பாட்டுக்கு விலக்குக் கொடுக்கும் வசதி கியூசுவாட்டில் உண்டு. மரக்கறிக்கும் லயன் குடியிருப்புக்கும் அதைக் கட்டாயம் போடுங்கள்.

மழையைக் கொடுக்கும் விதம்

சுவாட் பிளஸ் தரும் விடையின் பாதி மழைக் கோப்பிலேயே முடிவாகிவிடுகிறது. இமயமலை ஆய்வுகளில் 'பீலாப்ஸ்' என்றொரு அளவுரு அடிக்கடி வரும்: ஒரு கிலோமீற்றர் உயரத்துக்கு மழை எத்தனை மில்லிமீற்றர் கூடும் என்பது. இங்கே அதைத் தொடவே கூடாது. சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் உள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். 1,868 மீற்றரில் நுவரெலியாவுக்கு 1,900 அளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று எந்த முகட்டில் மோதுகிறது என்பதே இங்கே கணக்கு. மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் வெலிமடைப் பக்கம் நனையும், ஹற்றன் பக்கம் காயும். உயரத்துக்கு ஒரு நேர்கோடு போட்டால் இரண்டு பருவத்துக்கும் பிழைக்கும். உயரம் சொல்லும் சங்கதி வெப்பநிலை மட்டுமே: கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை குறைவு. அதற்கான 'டீலாப்ஸ்' இயல்பாகப் பூச்சியத்தில் இருந்தால், 1,200 மீற்றர் தலவாக்கலையும் 2,100 மீற்றர் ஹோட்டன் சமவெளியும் ஒரே வெப்பத்தில் தண்ணீரை ஆவியாக்கும். உண்மையில் இடையே ஆறு பாகை வித்தியாசம் உண்டு.

செயற்கைக்கோள் மழைத் தரவு இடைவெளி நிரப்ப உதவும். சேர்ப்ஸ் என்ற தரவில் ஒரு கட்டம் 0.05 பாகை, ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர். ஒரு முகட்டின் இரண்டு பக்கமும் அதே கட்டத்துக்குள் விழுந்துவிடும். இதைவிடத் தோட்டத்து மழைப் பதிவேடு பெறுமதியானது. பெரும்பாலான பெரிய தோட்டங்களில் நாள் மழையை எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று விடயங்களைக் கவனியுங்கள். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும்; 25.4 ஆல் பெருக்க வேண்டும். காலை எட்டரைக்கு வாசித்த மழையில் பெரும்பகுதி முந்தின நாள் பிற்பகலும் இரவும் பெய்தது. வாசித்த திகதியிலேயே போட்டால் மாதிரியின் வெள்ளம் ஒரு நாள் பிந்தி வரும், அளவுதிருத்தம் எவ்வளவு செய்தாலும் பொருந்தாது. மூன்றாவது வெற்றிடம். சுவாட் பிளஸ் கோப்பில் இல்லாத நாளுக்கு -99 என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் வானிலை உருவாக்கி தன்பாட்டுக்கு ஒரு மழையை இட்டு நிரப்பும். மாதச் சராசரி சரியாக வரும். நாள் மட்டும் கற்பனை. ஒரு மாதம் முழுக்க வெற்றிடமாக இருந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நிரப்புங்கள், -99ஐ நம்பாதீர்கள்.

சரிவும் கானும் பீலியும்

மேற்பரப்பு ஓட்டத்துக்கு மாதிரி நம்பியிருப்பது வளைகோட்டெண் எனும் சிஎன். கணக்கு எளிது: 25,400ஐ எண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால் மண் தாங்கும் அளவு மில்லிமீற்றரில் வரும், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம் தொடங்குமுன் போய்விடும். ஒரு நாளில் 60 மில்லிமீற்றர் பெய்தால் எண் 70க்கு 10 மில்லிமீற்றர் ஓடும், எண் 80க்கு 20. பத்துப் புள்ளிக்கு இரட்டிப்பு. ஆகவே மற்ற அளவுருக்களைக் கிண்டுவதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும். அட்டவணையில் உள்ள எண்கள் 5 வீதச் சரிவுக்கானவை. மலையகத்தில் 40, 60 வீதச் சரிவு சாதாரணம். சரிவுத் திருத்தத்தைச் செய்துவிட்டே தொடங்குங்கள்.

இந்த முறையின் பெரிய குறை, அது நாள் முழு மழையை ஒரே எண்ணாகப் பார்ப்பது. ஆனி மாதம் விடிய விடியத் தூறிய 60 மில்லிமீற்றரும், ஐப்பசிப் பிற்பகல் இடியோடு ஒன்றரை மணித்தியாலத்தில் கொட்டிய 60 மில்லிமீற்றரும் அதற்கு ஒன்றே. ஆனால் ஆற்றங்கரையில் நிற்பவருக்குத் தெரியும், முதலாவதில் தண்ணீர் தெளிவாகக் கூடும், இரண்டாவதில் தேயிலை மலைக் கான்கள் (வடிகால்கள்) எல்லாம் செம்மண்ணாக இறங்கும். மணித்தியால மழை கையில் இருந்தால், மண் தண்ணீரை உறிஞ்சும் வேகத்தைக் கணிக்கும் கிரீன் ஆம்ட் முறைக்கு மாறலாம். இல்லாவிட்டால் இடைப்பருவ வெள்ளங்களை மாதிரி தாழ்வாகவே காட்டும் என்பதை ஒத்துக்கொண்டு அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

கான் பற்றி இன்னொன்று. தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அதைத் தலைக்கானில் சேர்த்து இறக்குவது நூற்றாண்டுப் பழக்கம். மென்பொருள் சரிவு நீளத்தைத் தானே கணிக்கும்போது இந்தக் கான்களை அறியாது. இரண்டு கானுக்கு இடைப்பட்ட தூரத்தை மலையில் அளந்து, அதையே தேயிலைத் துண்டுகளின் சரிவு நீளமாகப் போடுங்கள். மண் அரிப்புக் கணக்கு உடனே இறங்கிவரும். கான் துப்புரவாக்காமல் தூர்ந்து கிடக்கும் தோட்டத்துக்கு இந்தச் சலுகை கொடுக்க வேண்டாம்.

மாசி, பங்குனி வரட்சியில்தான் மாதிரி பெரிதாகப் பிழைக்கும். சரிவு செங்குத்தாகவும் மண் தண்ணீரை விரைவாகக் கடத்துவதாகவும் இருந்தால், மண்ணுக்குள்ளால் பக்கவாட்டில் வழியும் நீரோட்டத்துக்கே எல்லாத் தண்ணீரையும் கொடுத்துவிடும். மழை விட்டுச் சில நாளில் ஆறு வற்றிவிட்டதாகக் காட்டும். ஆனால் லயத்துப் பீலியில் (மலையூற்று விழும் குழாயில்) பங்குனியிலும் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மலை அடியில் சேமித்து மெல்ல விடுகிறது. திருத்தும் ஒழுங்கு இது: பக்கவாட்டு ஓட்டத்துக்கான 'லாட்கியூ_கோ'வைக் குறையுங்கள், கீழே வடிவதற்கான 'பெர்கோ'வைக் கூட்டுங்கள், தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும். பிறகு நிலத்தடிப் படுகையின் 'ஆல்ஃபா'வைச் சிறிதாக்கி வடிதலை மெதுவாக்குங்கள். அப்போதும் வரட்சி ஓட்டம் பூச்சியமாகவே நின்றால், நிலத்தடி நீர்மட்டத்தின் ஆரம்ப ஆழத்தைப் பாருங்கள். ஓட்டம் தொடங்கும் மட்டத்துக்குக் கீழே அது கிடந்தால் முதல் ஆண்டுகளில் ஒரு சொட்டும் வராது. மாதிரி தன் நிலைக்கு வரக் குறைந்தது மூன்று ஆண்டு முன்னோட்டம் விட்டு, அந்த ஆண்டுகளை மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

மண் தரவுக்கு ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் (எஃப்ஏஓ) உலகளாவிய வரைபடம் போட்டால் மலையகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே நிறமாக வரும். மட்டக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா என்று பெயரிட்ட உள்ளூர் மண் தொடர்களின் குறுக்குவெட்டுத் தரவு அச்சில் இருக்கிறது. ஆழம், களி வீதம், சேதனக் காபன் மூன்றையும் அதிலிருந்து எடுத்து மண் அட்டவணையில் கையால் ஏற்றுவது ஒரு கிழமை வேலை, ஆனால் வீண் போகாது.

தேயிலை என்ற பயிரும் அணைகளும்

தயாராக உள்ள பயிர் வரிகளில் எதையும் தேயிலைக்கு அப்படியே போட முடியாது. என்றும் பசுமையான புதர் அல்லது மர வரி ஒன்றைப் பிரதியெடுத்து, இலைப்பரப்புச் சுட்டி, வேர் ஆழம், உயரம் மூன்றையும் திருத்துவதுதான் நடைமுறை. வளர்ச்சியைத் தூண்டுவது வெப்பநிலை என்று விட்டால், குளிர்நாட்டுப் பழக்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் இலை விழுந்துவிடும். மண் ஈரத்தால் தூண்டப்படும் தெரிவுக்கு மாற்றுங்கள். இந்தத் தெரிவு வந்தது பழைய சுவாட்டை விட உண்மையான முன்னேற்றம்.

கவ்வாத்து வெட்டியதும் மலை மொட்டையாகும். அந்த ஆண்டில் மண் மூடுகை சரிந்து அரிப்புக் கூடும். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஆண்டு வேறு. சில ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். எல்லாத் தேயிலையையும் ஒரே ஆண்டில் கவ்வாத்து வெட்டுவதாகக் கொடுத்தால் மண் வரத்து அந்த ஆண்டில் ஊசி போல எழும்பும். தேயிலைத் துண்டுகளை மூன்று நான்கு குழுவாகப் பிரித்து ஆண்டை மாற்றி வையுங்கள்.

அணைக்குக் கீழே உள்ள நீரோட்ட மானியை வைத்து அளவுதிருத்தம் செய்யத் தொடங்காதீர்கள். மேல் கொத்மலையில் தண்ணீர் தலவாக்கலையில் தடுக்கப்பட்டு, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் 150 மெகாவாற்று நிலையத்துக்குப் போகிறது. இடைப்பட்ட ஆற்றில் ஓடுவது மழைக்கல்ல, மின்சாரத் தேவைக்குக் கட்டுப்பட்ட தண்ணீர். உமா ஓயாவில் 2024 முதல் புஹுல்பொல, டயரபா அணைகளிலிருந்து தண்ணீர் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பப்படுகிறது. அதற்குப் பிந்திய தரவை முந்தியதோடு கலந்தால் கணக்கு ஒருபோதும் பொருந்தாது. அணையின் திறப்பை 'இந்த மட்டம், இந்த மாதம் என்றால் இவ்வளவு விடு' என்ற முடிவு அட்டவணையாக எழுதும் வசதி சுவாட் பிளஸ்ஸின் மிகச் சிறந்த பகுதி. விதி தெரிந்தால் நன்றாக வேலை செய்யும்.

தண்ணீரின் தரம்

நீரோட்டத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கும் நாங்கள் இங்கே கையை இழுத்துக்கொள்கிறோம். மென்பொருளின் குறை பாதி, தரவின் குறை பாதி.

மண் அரிப்புக்கு அது பாவிப்பது திருத்திய மண்ணிழப்புச் சமன்பாடு. அதன் அடிப்படைப் பரிசோதனைகள் 3 முதல் 18 வீதச் சரிவு நிலங்களில் நடந்தவை. 60 வீதச் சரிவுக்கு அது தரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, பெரும்பாலும் மிகையாகவே தரும். மறுபுறம், மண்சரிவு, வெட்டித் திறந்த தெருவோரம், கட்டட வேலை ஆகியவற்றிலிருந்து வரும் மண்ணை அது அறியவே அறியாது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்து மொத்தம் சரிபோலத் தெரியும் ஆபத்து உண்டு.

பசளை ஏற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. 100 கிலோ யூரியாவில் நைதரசன் 46 கிலோ. பட்டியலில் யூரியா என்றும் தனி நைதரசன் என்றும் இரண்டு வரி இருக்கும். யூரியாவின் எடையைத் தனி நைதரசன் வரியில் போட்டால் பசளை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். மரக்கறிக்குப் போடும் கோழி எருவையும் மறக்கக்கூடாது, பொசுபரசில் பெரும்பங்கு அங்கிருந்து வரலாம். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அந்த ஆண்டு இறுதியில் தளர்த்தப்பட்டது. அந்தக் காலத்துக்கும் வழமையான பசளை அட்டவணையையே ஓடவிட்டால் நைத்திரேற்றை மிகையாகக் காட்டும். அந்தப் பருவங்களுக்கு வேறு அட்டவணை எழுதுங்கள்.

பிறகு அலகு. மாதிரி நைத்திரேற்றை நைதரசனாக, கிலோவில் தரும். ஆய்வுகூட அறிக்கை பெரும்பாலும் நைத்திரேற்றாக, லீற்றருக்கு மில்லிகிராமில் இருக்கும். கிலோவை, கனமீற்றர்/செக்கன் ஓட்டத்தை 86.4 ஆல் பெருக்கிய எண்ணால் வகுத்தால் மில்லிகிராம் வரும்: 150 கிலோ, ஓட்டம் 4 என்றால் 0.43. அதை 4.43 ஆல் பெருக்கினால்தான் 1.9 என்ற ஆய்வுகூட எண்ணோடு ஒப்பிடலாம். இந்த 4.43ஐ மறந்ததால் 'மாதிரி நாலு மடங்கு குறைவாகக் காட்டுகிறது' என்று எழுதி, பசளையைக் கூட்டி அளவுதிருத்தம் செய்த அறிக்கைகள் உண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே எந்த அலகில் அளந்தோம் என்றும் எழுதிப் போட வேண்டும்.

மாதம் ஒருமுறை, வெயில் நாளில், பாலத்தடியில் எடுத்த போத்தல் தண்ணீரை வைத்து மண்ணையும் பொசுபரசையும் அளவுதிருத்தம் செய்ய முடியாது. இரண்டும் கலங்கல் தண்ணீரோடு சில மணித்தியாலத்தில் போய்விடுபவை. சித்திரையிலும் ஐப்பசியிலும் வெள்ளம் ஏறும்போது ஓரிரு மணிக்கு ஒன்றாக எடுத்த சில போத்தல்கள், வருடம் முழுக்க எடுத்த தெளிந்த போத்தல்களை விடக் கூடுதல் பேசும். லயன் மலசலகூடக் கழிவு அப்படியல்ல. அது வரட்சியில் செறிவு கூடும். அதைத் தனிப் புள்ளி மூலமாக (ஓரிடத்தில் நேரே ஆற்றில் சேருவதாக), மாறாத அளவாகக் கொடுங்கள்.

ஏற்கக்கூடிய அளவு என்று பரவலாகப் பாவிக்கப்படும் 2007 ஆம் ஆண்டு வரம்புகள் மாதச் சராசரிக்கானவை: நாஷ் எண் (மாதிரி அளந்ததோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது) 0.5க்கு மேல், மொத்தப் பிசகு நீருக்கு 25, மண்ணுக்கு 55, நைதரசன், பொசுபரசுக்கு 70 வீதம் வரை. 70 வீதப் பிசகும் ஏற்கத்தக்கது என்பதே, நீரின் தரத்தில் இத்துறை எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்று காட்டும்.

பனியாற்றுக்குப் போகிறவர்களுக்கு

மேற்படிப்புக்கோ வேலைக்கோ நேபாளம், இமாச்சலப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி. சுவாட்டில் பனித்தூவி (வானிலிருந்து விழும் பனி) உண்டு, பனியாறு இல்லை. குளிர்காலத்தில் விழுந்த பனி கோடையில் உருகி முடிந்ததும் மாதிரிக்குத் தண்ணீர் தீர்ந்துவிடும். உண்மையில் அப்போதுதான் அடியிலுள்ள பழைய பனிக்கட்டி வெளிப்பட்டு இன்னும் வேகமாக உருகத் தொடங்கும், ஏனென்றால் புதுப் பனியை விட அழுக்குப் படிந்த கட்டி வெயிலை அதிகம் உறிஞ்சும். பாகை-நாள் கணக்கில், அதாவது பூச்சியத்துக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் நாளுக்கு எவ்வளவு உருகும் என்பதில், பனிக்கு 3 முதல் 6 மில்லிமீற்றர், வெறும் கட்டிக்கு 6 முதல் 9 வரை வழமை. பழைய சுவாட்டின் இயல்பு மதிப்போ 4.5; கட்டிக்கெனத் தனி எண் இல்லை.

பலர் செய்யும் குறுக்குவழி, மேல்மட்டப் பட்டைகளில் ஆரம்பப் பனியைப் பல்லாயிரம் மில்லிமீற்றராக வைப்பது. ஓட்டம் பொருந்தும்; ஆனால் பனியாறு சுருங்குவது கணக்கில் வராது. எதிர்காலக் கேள்விக்கு அந்த விடை உதவாது. ஒழுங்கான வழி இது. ராண்டொல்ஃப் எனப்படும் உலகப் பனியாற்றுப் பட்டியலிலிருந்து எல்லையை எடுத்து, அந்தப் பரப்பைச் சுவாட் துண்டுகளிலிருந்து விலக்குங்கள். இல்லாவிட்டால் பனி இரண்டு தடவை எண்ணப்படும். பனியாற்றை 100 மீற்றர் உயரப் பட்டைகளாகப் பிரித்து, நிலைய வெப்பநிலையை உயரத்துக்குத் திருத்தி, ஒவ்வொரு நாளின் உருகலை விரிதாளில் கணியுங்கள். 10 சதுர கிலோமீற்றர் கட்டி, 4 பாகை, பாகைக்கு 6 மில்லிமீற்றர் என்றால் நாளுக்கு 240,000 கனமீற்றர், அதாவது செக்கனுக்கு 2.8. அந்த நாள் வரிசையைச் சுவாட் பிளஸ்ஸில் புள்ளி மூலக் கோப்பாகப் பனியாற்று வாயில் சேருங்கள். கல், மண் மூடிய பகுதியைத் தனியே வையுங்கள்: மெல்லிய மூடுகை உருகலைக் கூட்டும், தடித்தது குறைக்கும், மாறும் எல்லை சில சென்ரிமீற்றர்தான்.

வெப்பநிலைச் சரிவைப் பூச்சியத்தில் விட்டுவிடும் பிழை மலையகத்தில் ஆவியாதலைக் கெடுக்கும். அங்கே எல்லாவற்றையும் கெடுக்கும். 3,000 மீற்றர் நிலையத்தின் வெப்பம் 5,000 மீற்றர் பனியாற்றில் 13 பாகை மிகையாக விழும்.

தரத்தில் இன்னும் சிக்கல். பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற மண்ணுக்கு மழைச் சமன்பாட்டில் இடமில்லை, அதையும் புள்ளி மூலத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பழைய சுவாட்டிலிருந்து வந்த நீர் வெப்பச் சமன்பாடு காற்று வெப்பத்தை 0.75 ஆல் பெருக்கி 5 கூட்டும். நுவரெலியாவின் 16 பாகைக்கு அது 17 தரும், பரவாயில்லை. பனியாற்று வாயில் காற்று 8 பாகை என்றால் 11 தரும். அங்கே உண்மைத் தண்ணீர் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். ஒட்சிசனும் உயிரியல் தாக்கங்களும் அந்தப் பொய் வெப்பத்திலேயே கணிக்கப்படும். போதாததற்கு உருகல் பிற்பகலில் உச்சம் ஏறி விடியற்காலையில் அடங்கும். நாள் சராசரியில் அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் மறையும்.

நீரோட்டம் மட்டும் போதுமென்றால் பனியாற்றுப் பகுதி உள்ளேயே கொண்ட எச்பிவி-லைட் என்ற மாதிரி இலகு. பரந்த படுகைக்கு எஸ்பிஹெச்ஒய் என்ற மாதிரி, நேபாளத்தின் லாங்டாங்கில் பாவிக்கப்பட்டது. இரண்டும் இலவசம், இரண்டிலும் பசளைக் கணக்கு கிடையாது. பனியாற்றுப் பகுதி சேர்த்து மாற்றி எழுதிய சுவாட் பதிப்புகளும் தனியே இருக்கின்றன. நிரல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் முயலலாம். மலையகத்தில் வெள்ளம் மட்டுமே கேள்வி என்றால் எச்இசி-எச்எம்எஸ் என்ற மழை-ஓட்ட மாதிரி போதும். சுவாட் பிளஸ்ஸின் பாரம் தேவையில்லை. மரக்கறி, தேயிலை, பசளை, மண் எல்லாம் சேர்ந்து ஆற்றில் என்ன செய்கின்றன என்று கேட்கும்போதுதான் அது தன் கூலியைத் திருப்பித் தரும்.

திட்டம் முழுவதும் ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்பும் அதைத் திகதியிட்டுப் பிரதியெடுங்கள். அறிக்கையில் மாதிரியின் திருத்த எண்ணையும் எழுதுங்கள். அதே கோப்புகளைப் புதிய திருத்தத்தில் ஓட்டினால் அடித்தள ஓட்டமும் நைத்திரேற்றும் மாறி வரலாம். ஆகவே அளவுதிருத்தம் தொடங்கிய பிறகு, முடியும் வரை பதிப்பைப் புதுப்பிக்க வேண்டாம்.